மேகத்தை மேலிருந்து பார்க்கிறோம், மழையை யார் அளப்பது?

2023 மார்ச் முதல் வாரத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் மேல் கவிந்து நின்ற மேகத்தை உலகமே பார்த்தது. பூமத்தியரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 140.7 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலைகொண்டிருக்கிறது ஜப்பானின் ஹிமாவாரி-9 செயற்கைக்கோள். அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நம் வட்டாரத்தைப் படமெடுக்கிறது. அந்தப் படங்கள் தோக்கியோவிலும் மெல்பர்னிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரைக்கு வந்துவிடுகின்றன. இணையம் உள்ள எவரும் காசில்லாமல் பார்க்கலாம்.

அதே நாள்களில் சிகாமட்டிலும் குளுவாங்கிலும் யோங் பெங்கிலும் மக்கள் அரிசி மூட்டையை அலமாரி மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பருவமழை முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்திருந்த நேரம் அது. ஜொகூரில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தற்காலிக நிவாரண மையங்களுக்குப் போனார்கள். பத்து பகாட்டின் தாழ்நிலங்களில் தண்ணீர் வடிய வாரக்கணக்கானது. வானிலை ஆய்வுத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை வராமல் இல்லை. மேகம் இருந்த இடமும் போன திசையும் தெரிந்தே இருந்தன. இந்தக் கம்பத்தில், இந்தத் தோட்டத்தில், இந்த ஓடைக்கரையில் எவ்வளவு மழை கொட்டியிருக்கிறது, இன்னும் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வாசற்படி ஏறும் என்பதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை எந்தத் துறையையும் குற்றக்கூண்டில் ஏற்ற எழுதப்படவில்லை. வானத்தைப் பற்றிய தகவல் எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்ட காலத்தில், தரையைப் பற்றிய தகவல் தோட்ட அலுவலக அலமாரியிலும் நகராண்மைக் கோப்பிலும் தனித்தனியே பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து ஓரிடத்தில் சேர்ப்பது அரசு, தோட்ட நிர்வாகம், பள்ளி, கோயில், குடும்பம் என்று ஜொகூரில் வாழும் எல்லாருக்கும் உரிய வேலை. நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதன் அவசியம் புரிய, செயற்கைக்கோள் மேகத்தை எப்படிப் பார்க்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மேகம் அல்ல. பனி மூடிய மலையும் மேலிருந்து பார்த்தால் வெள்ளைதான், பாலைவன மணலும் வெளிறித்தான் தெரியும். இரவில் வெளிச்சமே இல்லை. அதனால் செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு நிற்காமல், பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரையும் அளக்கிறது. தரையும் கடலும் வெதுவெதுப்பாக இருக்கும். மேகத்தின் உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர்ந்திருக்கும். ஜொகூரில் பிற்பகல் எழும் பெரிய இடிமேகத்தின் உச்சி மைனஸ் 70 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போவதுண்டு. வெப்பப் படத்தில் அந்தக் குளிர்ச்சியைக் கண்டால், அங்கே உயர்ந்த மேகம் நிற்கிறது என்று கணினி முடிவுகட்டும்.

இதிலும் ஏமாற்றம் உண்டு. இரவில் கடலுக்குச் சற்று மேலே படர்ந்திருக்கும் தாழ்மேகத்துக்கும் கடலுக்கும் வெப்ப வேறுபாடு மிகக் குறைவு, அதனால் அது கணினியின் கண்ணுக்குத் தப்பிவிடும். மிக உயரத்தில் மெல்லிய துணிபோல் பரவும் கீற்றுமேகம் கீழிருந்து வரும் வெப்பத்தைப் பாதி விட்டுவிடும், அதனால் உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதாகக் கணக்கு வரும். இப்படிப்பட்ட ஏமாற்றங்களைக் களையத்தான் ஹிமாவாரி 16 அலைவரிசைகளில் பார்க்கிறது.

உலகம் முழுவதற்குமான மேகக் கணக்கு 1983-இல் தொடங்கியது. பல நாடுகளின் செயற்கைக்கோள்கள் தந்த படங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியின் எந்தப் பகுதியில் எவ்வளவு மேகம் என்று பதியும் அனைத்துலகத் திட்டம் அது. ஒரு நாடு தனியே செய்திருக்க முடியாது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் எனப் பலரும் தத்தம் தரவைக் கொடுத்ததால்தான் முடிந்தது. பூமியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எந்நேரமும் மேகம் மூடியிருக்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அந்தக் கூட்டுழைப்பின் பலன். பின்னர் 2006-இல் ஏவப்பட்ட கிளவுட்சாட், கலிப்சோ ஆகிய இரண்டும் ரேடாராலும் லேசராலும் மேகத்தை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்க உதவின. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய எர்த்கேர் அந்த வேலையைத் தொடர்கிறது.

பார்ப்பது ஒன்று, அதைக் கணக்கில் ஏற்றி இனி என்ன நடக்கும் என்று சொல்வது வேறொன்று. உலகக் காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. பல மாதிரிகளில் ஒரு கட்டம் பக்கத்துக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். ஜொகூரின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாநிலம் முழுவதும் இரண்டே கட்டத்துக்குள் அடங்கிவிடும். செனாயில் இடி இடித்துக் கொட்டும்போது குளுவாங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும். கட்டத்துக்கோ இரண்டும் ஒன்றுதான். ஒரு மேகத்தின் அளவு ஒன்றிரண்டு கிலோமீட்டராக இருக்கும்போது, நூறு கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு மேகம் இருக்கும் என்பதை நேரடியாகக் கணிக்க வழியில்லை. வெப்பமும் ஈரப்பதமும் இவ்வளவு இருந்தால் மேகம் இவ்வளவு இருக்கலாம் என்று விதி எழுதி நிரப்புகிறார்கள்.

அறிவியலாளர்கள் இதை மறைப்பதில்லை. காற்றில் கரியமில வாயு இரு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு 1979-இல் அமெரிக்க அறிவியல் குழு ஒன்று 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்று பதில் சொன்னது. 2021-இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு அதை 2.5 முதல் 4 டிகிரி என்று குறுக்கியது. நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பிறகும் மிச்சமிருக்கும் ஐயத்தில் பெரும்பங்கு மேகத்தைப் பற்றியது. தாழ்மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கிறது. உயர்ந்த மெல்லிய மேகம் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. சூடேறும் உலகில் எது குறையும், எது கூடும் என்பதைப் பொறுத்தே நம் பேரப்பிள்ளைகளின் வெயில் அமையும்.

நம் வட்டாரத்தில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றிக் கிடக்கிறது. சுமத்ராவிலிருந்து நியூ கினி வரை தீவும் கடலும் மாறி மாறி வரும் இந்தப் பகுதிக்குக் கடல்சார் கண்டம் என்று 1968-இல் பெயர் வைத்தார் வானிலை அறிஞர் காலின் ராமேஜ். உலகின் பெரிய மழைத் தொழிற்சாலை இது. இங்கே எழும் மேகம் உலகக் காற்றோட்டத்தையே அசைக்கிறது. ஆனால் கட்டங்கள் பெரிதாக உள்ள மாதிரிகளில் தரைமேல் பெய்யும் மழை நண்பகலையொட்டியே உச்சத்துக்குப் போய்விடுகிறது. ஜொகூர் பாருவில் மாலை வேலை முடிந்து காஸ்வே நெரிசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் மழை அதற்குப் பிந்தி, பிற்பகலில்தான் வரும் என்று சொல்வார்கள். இதுபோன்ற பிழைகளைப் புரிந்துகொள்ளவும் 2017-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து கடல்சார் கண்டத்துக்கென்று தனியாக ஒரு கள ஆய்வைத் தொடங்கினார்கள்.

ஹிமாவாரி படங்களை ஒரு சாதாரண ஏப்ரல் நாளில் வரிசையாக ஓட விட்டுப் பாருங்கள். காலையில் தீபகற்பத்தின் முனை தெளிவாகத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் கரையோரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பொரியை இறைத்ததுபோல் சிறுசிறு வெண்புள்ளிகள் தோன்றும். மேற்கே மலாக்கா நீரிணையிலிருந்தும் கிழக்கே தென்சீனக் கடலிலிருந்தும் கடற்காற்று உள்ளே நுழைகிறது. தீபகற்பம் குறுகும் இடம் என்பதால் இரண்டும் நடுவில் முட்டிக்கொள்கின்றன. முட்டிய இடத்தில் ஈரக்காற்று மேலே போக வழி தேடுகிறது. இரண்டு மணிக்கு ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றை விழுங்கிப் பெருக்கும். நான்கு மணிக்கு அதன் தலை தட்டையாகிக் காற்று வீசும் பக்கம் நீளும். ஆறு மணிக்குக் கரைந்துவிடும். எந்தப் புள்ளி பெருக்கும் என்பதை முந்திய இரவே சொல்ல இன்று உலகில் எவராலும் முடியாது. பெருக்கத் தொடங்கியதும் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சொல்ல முடியும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது.

ஜொகூர் வானம் பாடநூலையே திருத்தியிருக்கிறது. பூமத்தியரேகையிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாகாது என்று சொல்லிக்கொடுத்து வந்தார்கள். 2001 டிசம்பர் 26-இல் தென்சீனக் கடலில் ஒன்றரைப் பாகைக்குள்ளேயே வாமெய் புயல் உருவாகி, மறுநாள் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது. கூனோங் பூலாயில் மண் சரிந்து ஐவர் இறந்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு வெள்ளம் வந்தபோது கோத்தா திங்கி நகரம் மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். முதல் வெள்ளத்தில் நனைந்த மெத்தையைக் காயவைத்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிட்டது.

மேகம் நம் கண்ணை மறைக்கிறது என்பதை மலேசியா முன்பே உணர்ந்திருந்தது. 2009 ஜூலையில் ஏவப்பட்ட ரசாக்சாட் செயற்கைக்கோள், வழக்கமான துருவப் பாதையில் போகாமல் ஒன்பது பாகை மட்டுமே சாய்ந்து பூமத்தியரேகையை ஒட்டிச் சுற்றியது. ஒரே நாளில் பல முறை நம் மேல் பறந்தால், ஏதாவது ஒரு முறை மேகம் விலகியிருக்கும் என்பது கணக்கு. எண்ணம் மிகச் சரியானது. கோள்தான் சுமார் ஓராண்டில் செயலிழந்துவிட்டது. 2011 அக்டோபரில் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் இருபது பாகைச் சாய்வில் சுற்றி வெப்பமண்டல மேகங்களையும் காற்றின் ஈரத்தையும் அளந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்தக் கோள் சென்னைக்கு மேல் பறந்ததுபோலவே நம் ஜொகூருக்கு மேலும் பறந்தது. பணி முடிந்து 2023 மார்ச்சில் பசிபிக் கடலுக்கு மேல் எரிந்து விழுந்தது.

இத்தனை கண்கள் இருந்தும் ஒரு செய்தியை மேலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. தரையில் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்பதுதான் அது. குளிர்ந்த உச்சி கொண்ட மேகமெல்லாம் கொட்டுவதில்லை. மழை நின்ற பிறகும் உச்சி குளிர்ந்தே இருக்கும். குளுவாங்கில் உள்ள ரேடார் உதவுகிறது, ஆனால் தூரம் கூடக் கூட அதன் கதிர் மேலே ஏறிவிடுவதால் தாழ உள்ள மழையைத் தவறவிடும். வானிலை ஆய்வுத் துறைக்கு செனாய், குளுவாங், பத்து பகாட், மெர்சிங் ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆறுகளின் ஓரம் தானியங்கி மழைமானிகளையும் நீர்மட்ட மானிகளையும் வைத்து, அளவுகளை இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் வெளியிடுகிறது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் ஐந்து கிலோமீட்டருக்குள் மழை மாறும் நாட்டில் இவை போதாது.

மீதி எங்கே இருக்கிறது? நம் தோட்டங்களில் இருக்கிறது.

ஜொகூரின் எந்தப் பழைய தோட்ட அலுவலகத்துக்குப் போனாலும் பக்கத்தில் புல் வெட்டிய திறந்தவெளியில் ஒரு மழைமானி நிற்கும். இடுப்பளவு உயரம்கூட வராத ஓர் உருளை, வாயில் புனல், உள்ளே ஒரு கலன். காலையில் கிராணியோ அவர் சொன்ன ஆளோ போய்க் கலனை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் படிப்பார். குழாயில் தண்ணீரின் விளிம்பு ஓரங்களில் சற்று மேலேறி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். பிறகு பதிவேட்டில் தேதி, அளவு, கையொப்பம். மழை இல்லாத நாளுக்கும் ஒரு சிறு கோடு உண்டு. பழைய ஏடுகளில் அங்குலம், பின்னாளில் மில்லிமீட்டர். இதில் அறிவியல் ஆர்வத்தைவிடத் தொழிலின் தேவைதான் பெரிது. மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், அன்று பால்வெட்டு இல்லை. வெட்டி முடித்தபின் பெய்தால் மங்கில் நிறைந்த பால் வழிந்து வீணாகும். உரத்தை மழைக்கு முன் போட்டால் ஓடையோடு போய்விடும். செம்பனையில் இன்றைய வறட்சி பல மாதங்கள் கழித்துக் குலையின் எண்ணிக்கையில் தெரியும். அதனால் நிர்வாகம் மழைக்கணக்கைக் கண்ணும் கருத்துமாக எழுதி வைத்தது.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நம் பாட்டிமார் இருந்தார்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், வானத்தைப் பார்த்து இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று கணித்தவர்கள். விடியற்காலையில் மேற்கேயிருந்து குளிர்காற்று திடீரென்று வீசினால் நீரிணையைத் தாண்டிச் சுமத்ராக் காற்றுமழை வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஹிமாவாரி படத்தில் அதே மழை வில்லாக வளைந்த ஒரு மேகவரிசையாகத் தெரிகிறது. அவர்கள் கூலி அந்தக் கணிப்பில் தொங்கியது. இந்த மாநிலத்தின் மழை வரலாற்றை எழுதியவர்களில் அவர்களும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகும்போது மரத்தோடு அந்தப் பதிவேடுகளும் அழிவது நமக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு. இன்னும் மிச்சம் இருப்பவற்றையாவது காப்பாற்ற வேண்டும்.

ஒரு மாவட்டத்தில் இருபது தோட்டங்களின் முப்பது ஆண்டு மழைக்கணக்கு ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும்? செயற்கைக்கோள் அன்று கண்ட மேகத்தையும் தரையில் அளந்த மழையையும் நாள் நாளாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எந்த மாதத்தில், எந்தத் திசைக் காற்றில், எவ்வளவு குளிர்ந்த உச்சி எவ்வளவு மழை தந்தது என்று ஜொகூருக்கென்றே ஓர் அளவுகோல் பிறக்கும். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுத் துறையில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பத்து பகாட்டின் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் வெள்ளம் சூழும் நிலத்திலேயே நிற்கிறது. திறமைக்குப் பஞ்சமில்லை, சேர்ந்து உட்கார ஒரு மேசை வேண்டும்.

இதை இன்னும் அவசரமாக்குவது செயற்கை நுண்ணறிவு. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் 2025-இல் இயந்திரக் கற்றலால் இயங்கும் முன்னறிவிப்பு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கடந்த பல பத்தாண்டுகளின் வானிலைப் பதிவை விழுங்கிப் பாடம் கற்ற மாதிரி அது. அளவீடு செறிவாக உள்ள ஊரைப் பற்றி அது நன்றாகக் கற்கும். அளவீடு இல்லாத ஊரைப் பற்றி அக்கம்பக்கத்தை வைத்து ஊகிக்கும். லாபிஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மழை எந்தப் பதிவிலும் இல்லையென்றால், எவ்வளவு பெரிய கணினி வந்தாலும் அந்தத் தோட்டத்து லயத்துக்கு அது ஊகத்தைத்தான் தரும்.

பெரிய கணினி என்றதும் கூலாயையும் செடெனாக்கையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் ஜொகூர் தென்கிழக்காசியாவின் முக்கியத் தரவு மையக் களமாகிவிட்டது. அவை நம் மின்சாரத்தையும் நம் தண்ணீரையும் பயன்படுத்துகின்றன. வேலைவாய்ப்பும் முதலீடும் வருவதை வரவேற்போம். கூடவே ஒரு கோரிக்கையையும் வைப்போம். இங்கே இயங்கும் கணிப்பாற்றலில் ஒரு சிறு பங்கை ஜொகூரின் வெள்ள, வறட்சி ஆய்வுக்காக உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கட்டும். மாநில அரசு அனுமதி தரும்போதே இதைப் பேசி வாங்கலாம்.

தண்ணீர் என்று சொன்னோம். வெள்ளத்தை மட்டும் நினைத்து மேகத்தைப் பார்ப்பது பாதிப் பார்வை. 2015 ஆகஸ்டில் ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் வட்டாரங்களில் தண்ணீர் பங்கீடு தொடங்கியபோது வாளிகளோடு வரிசையில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லாயாங் அணை வற்றியிருந்தது. மறு ஆண்டு அக்டோபரில் கோத்தா திங்கியின் லிங்கியூ நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அது சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் சேர்த்தே கவலை தந்த எண். செயற்கை மழை பொழிவிக்கலாமே என்பார்கள். அதற்கும் தகுந்த மேகம் முதலில் வர வேண்டும், இல்லாத மேகத்தில் உப்பைத் தூவிப் பயனில்லை.

புகைமூட்டக் காலத்திலும் மேகம் குறுக்கே வருகிறது. 2013 ஜூன் 23 காலையில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சுமத்ராவில் எங்கே எரிகிறது என்று காட்டும் வெப்பப் புள்ளிகளைச் செயற்கைக்கோள்தான் எண்ணித் தருகிறது. மேகம் மூடிய நாளில் கீழே எரியும் தீ தெரியாது. புள்ளி குறைந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, அன்று வானம் மூடியிருந்ததா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

எச்சரிக்கை கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வது அடுத்த கவலை. தொடர்மழைக்கு வானிலை ஆய்வுத் துறை மூன்று படிகளில் எச்சரிக்கை தருகிறது: விழிப்பு, மோசம், அபாயம். மைச்சுவாச்சா செயலியில் பார்க்கலாம். ஆனால் தனியே வாழும் முதியவரிடம் செயலி இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசி, நேப்பாளத் தொழிலாளர் பலருக்கு மலாய் எழுத்து படிக்க வராது. நம் ஆள்களிலும் கைப்பேசியில் பேசத் தெரிந்து, அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் குரல் வேண்டும். ஒவ்வொரு தாமானிலும் லயத்திலும் ஒருவர் பொறுப்பேற்று, அபாய எச்சரிக்கை வந்ததும் தமிழிலோ வங்காளத்திலோ அரை நிமிடக் குரல்பதிவைப் புலனத்தில் அனுப்பினால் போதும், கைப்பேசி இல்லாத வீட்டுக் கதவை ஒருவர் போய்த் தட்டினால் போதும். இதற்குச் செலவு இல்லை, முன்கூட்டியே பெயர் குறித்து வைக்கும் ஒழுங்குதான் வேண்டும். போன ஆண்டு வெள்ளத்தின் காணொலியை இன்றைக்கு நடந்ததாக அனுப்புவதையும் இதே குழுக்கள் நிறுத்த வேண்டும். அப்படி ஒரு பொய்ச் செய்தி, அடுத்து வரும் மெய்ச் செய்தியின் மதிப்பைக் கெடுத்துவிடுகிறது.

வானிலை பார்ப்பது அரசாங்கத்தின் வேலை, வரி கட்டுகிறோமே என்று சிலர் சொல்லலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நிலையம் அமைப்பதும் எச்சரிக்கை விடுவதும் வடிகாலைத் தூர்வாருவதும் அரசின் கடமையே, அதில் எந்தத் தளர்வையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் தோட்டத்துக்குள் இருக்கும் மழைமானியை அரசு அதிகாரி தினமும் வந்து படிக்க முடியாது. தோட்ட நிறுவனங்கள் தொழில் ரகசியம் என்று தயங்கக்கூடும். விளைச்சல் கணக்கையோ கூலிக் கணக்கையோ யாரும் கேட்கவில்லை. வானத்திலிருந்து விழுந்த தண்ணீரின் அளவு எந்த நிறுவனத்துக்கும் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. அதே வெள்ளத்தில் அவர்களின் சாலையும் பாலமும் லயமும்தான் மூழ்குகின்றன.

அரசுத் துறைகளும் ஓரடி முன்னே வர வேண்டும். கொடுப்பவருக்குத் திருப்பித் தருவதுதான் பகிர்வை நிலைக்க வைக்கும். நாசாவின் குளோப் திட்டத்தில் பல நாட்டு மாணவர்களும் பொதுமக்களும் மேகத்தைப் படமெடுத்து, வானம் எவ்வளவு மூடியிருக்கிறது, என்ன வகை மேகம் என்று குறித்து அனுப்புகிறார்கள். அதே நேரத்தில் செயற்கைக்கோள் அந்த இடத்தைப் பார்த்திருந்தால், அது என்ன கண்டது என்பதை ஒப்பிட்டு அனுப்பியவருக்கே பதில் வருகிறது. கீழிருந்து பார்ப்பவருக்குத் தாழ்மேகம் தெரியும், மேலிருந்து பார்க்கும் கோளுக்கு உயர்மேகம் தெரியும், இரண்டும் சேர்ந்தால்தான் வானம் முழுமையாகிறது. நம் தமிழ்ப்பள்ளிகள், சீன, தேசியப் பள்ளிகள் ஒரே மாவட்டத்தில் சேர்ந்து இதைச் செய்தால், ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு அறிவியல் பாடம் வானத்திலேயே கிடைக்கும். வெள்ளம் வந்தால் நிவாரண மையமாகப் போவதும் பெரும்பாலும் அதே பள்ளிதான். மழைமானி ஒன்று பள்ளித் திடலில் நிற்பது பொருத்தமே.

பத்து பகாட் மாவட்டத்தில் இதைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து. தாழ்நிலம், கடலேற்றத்தில் திரும்பி வரும் ஆறு, தோட்டம், பல்கலைக்கழகம், வானிலை நிலையம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. மாவட்ட அலுவலகம் அழைக்கட்டும். தோட்ட நிர்வாகிகள், பள்ளித் தலைமையாசிரியர்கள், நகராண்மை, கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர்கள், வானிலை, வடிகால் துறைகளின் அதிகாரிகள், பல்கலைக்கழகத்தார் வரட்டும். முதல் கூட்டத்தில் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். யாரிடம் மழைமானி இருக்கிறது, யாரிடம் எத்தனை ஆண்டு ஏடு இருக்கிறது, தினமும் காலை எட்டு மணிக்குள் அளவை யார் அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் சீனப் பெருநாளும் வந்தால் அவருக்குப் பதில் யார் என்று ஒரு தாளில் எழுதினால் போதும். கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் பெருமழை விடுமுறை பார்த்து வருவதில்லை.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அதற்குள் தோட்ட அலுவலகங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அலமாரியில் இருக்கும் பழைய மழைப் பதிவேடுகளை வெளியே எடுத்து, செல்லரிக்காத பக்கங்களைக் கைப்பேசியில் வரிசையாகப் படமெடுத்து, ஆண்டைக் குறித்து அருகில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். ஏடு அலுவலகத்திலேயே இருக்கட்டும், படம் போதும்.